காற்று கூடினால் மைலேஜ் கூடுமா?

ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டும் ஏர் இன்டேக் கிட்டுகள் பெட்ரோலை மிச்சப்படுத்துமா? இன்ஜினுக்குள் நடப்பதைக் கொண்டு ஒரு விசாரணை.

கார் வைத்திருப்பவர் எவரானாலும் நம்மூரில் தப்பாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?’ பெட்ரோல் விலை 100 ரூபாயைத் தொட்ட பிறகு அந்தக் கேள்வியில் விசாரிப்போடு கவலையும் கலந்துவிட்டது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்ற வரிசையில் பெட்ரோலும் மாதாமாதம் தவிர்க்க முடியாத செலவாகிவிட்ட குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. லிட்டருக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைத்தாலும் லாபம்தானே என்று அவர்கள் நினைப்பது நியாயம்.

அந்த நியாயமான ஆசையைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. சென்னை ஜி.பி. ரோட்டு அக்சஸரீஸ் கடைகளிலும், கோவை, மதுரை, திருச்சியின் கார் அலங்காரக் கடைகளிலும், ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் ‘பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர்’, ‘கோன் ஃபில்டர்’, ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று பல பெயர்களில் பொருட்கள் விற்கின்றன. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் விலை, இறக்குமதி கிட் என்றால் இன்னும் பல மடங்கு ஏறும். விற்பவர் சொல்லும் காரணம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது: ‘கம்பெனி ஃபில்டர் காத்தைத் தடுக்குது சார். இதை மாட்டுனா இன்ஜினுக்குத் தாராளமா காத்து போகும். பிக்கப்பும் ஏறும், மைலேஜும் ஏறும்.’

இந்த வாக்கியத்தின் முதல் பாதியில், பிக்கப் விஷயத்தில், கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியில் இல்லை. இன்றைக்கு நம் சாலைகளில் ஓடும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஏர் இன்டேக்கை மாற்றுவதால் மைலேஜ் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு இன்ஜினின் இயக்கத்திலேயே பதில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது.

ஒரு லிட்டருக்கு ஒன்பதாயிரம் லிட்டர்

பெட்ரோல் இன்ஜின் குடிப்பது பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதற்குத் தேவையான காற்று கிட்டத்தட்ட 11 கிலோ. நம்மூர் வெப்பத்தில் அந்தக் காற்றின் கொள்ளளவு சுமார் 9,000 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் 15 கிலோமீட்டர் போகும் கார், அந்த 15 கிலோமீட்டருக்குள் இத்தனை காற்றையும் உள்ளிழுத்து வெளியேற்றுகிறது.

இவ்வளவு காற்றும் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தக் காகித மடிப்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவருக்கும், ‘இது தடைதானே, இதை எளிதாக்கினால் என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. கிட் விற்பவர்களின் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. ஆனால், ஃபில்டரைத் தாண்டிய காற்று இன்ஜினுக்குள் நுழையும் முன் இன்னொரு வாசலைக் கடக்க வேண்டும். அந்த வாசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

த்ராட்டில் என்ற திருகு

ஃபில்டருக்குப் பிறகு, இன்டேக் மேனிஃபோல்டின் வாயிலில், வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. அதுதான் த்ராட்டில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும்; காலை எடுத்தால் மூடும். பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டர் மிதி கட்டுப்படுத்துவது காற்றைத்தான். வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை ஊற்றுவது கம்ப்யூட்டரின் வேலை.

ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார் சமதளச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, சுமார் 10 குதிரைத்திறன் போதும். ஆனால் அதன் இன்ஜின் 80 குதிரைத்திறன் தரக்கூடியது. மீதி வலு தேவைப்படாததால் த்ராட்டில் பெரும்பகுதி மூடியே இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் என்றால், இப்படிப் போகும்போது த்ராட்டிலுக்குப் பின்னால் இருப்பது அதில் பாதி அளவுதான். சிக்னலில் நிற்கும்போது மூன்றில் ஒரு பங்காகிவிடும். இதே நேரத்தில் ஒரு புதிய காகித ஃபில்டரில் இழக்கப்படும் அழுத்தம் 1 கிலோபாஸ்கலைக்கூட எட்டாது.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும், திருகைக் கால்வாசி திறந்து வைத்திருக்கும் வரை வாளியில் விழும் தண்ணீர் கூடாது. த்ராட்டில் அந்தத் திருகு. ஃபில்டர் அதற்கு மேலே உள்ள குழாய். ஃபில்டரின் தடை சற்றுக் குறைந்தால், அதே வேகத்தில் போக ஓட்டுநரின் கால் மிதியை இம்மியளவு குறைவாக மிதிக்கும். த்ராட்டில் இம்மியளவு கூடுதலாக மூடும். இன்ஜினுக்குள் போகும் காற்று அதேதான். எரியும் பெட்ரோலும் அதேதான்.

விடாமல் கணக்கிடும் சென்சார்

‘காற்று அதிகம் வந்தால் பெட்ரோல் குறைவாகச் செலவாகும்’ என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. இது தலைகீழான புரிதல். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்பதை இன்னொரு சென்சார் பார்க்கிறது. இரண்டும் தரும் தகவலைக் கொண்டு, இன்ஜின் கண்ட்ரோல் யூனிட் எனும் கம்ப்யூட்டர், 14.7-க்கு 1 என்ற விகிதம் பிசகாமல் ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

புகையில் ஆக்சிஜனை அளக்கும் இந்தச் சென்சாரை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976-ல் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளைச் சமாளிக்க வோல்வோ கார்களில் அது முதலில் பொருத்தப்பட்டது. இன்று இது இல்லாத பெட்ரோல் கார் நம் ஷோரூம்களில் கிடையாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்ய இந்த விகிதம் கட்டாயம் என்பதால், வெளியிலிருந்து நாம் என்ன மாற்றினாலும் கம்ப்யூட்டர் அதைத் திரும்பவும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்துவிடும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும்.

அப்படியானால் பிக்கப் கூடும் என்பது? மிதியைத் தரையோடு அழுத்தி, த்ராட்டில் முழுவதும் திறந்திருக்கும்போது மட்டும் நிலைமை மாறுகிறது. அப்போது திருகு இல்லை. ஃபில்டரின் தடையும் கணக்கில் வரும். அங்கே காற்றழுத்தத்தில் 2 சதவீத இழப்பைத் தவிர்க்க முடிந்தால், வலுவும் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். 80 குதிரைத்திறனுக்கு ஒன்றரை. அந்த நேரத்தில் கூடுதல் காற்றோடு கூடுதல் பெட்ரோலும் எரிகிறது என்பதை மறக்கக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலும், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் கார்களுக்கு இந்த ஒன்றரைக் குதிரைத்திறன் முக்கியம். அங்கே சுற்றின் பெரும்பகுதியில் மிதி தரையோடு கிடக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கு வெற்றியைத் தீர்மானிக்கும். இன்ஜினையும் அடிக்கடி பிரித்துச் சீராக்குவார்கள். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகும் காரின் தேவை அதுவல்ல.

ஐந்து கார்கள் சொன்ன சாட்சி

இதுவரை சொன்னது தத்துவம். சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், அந்நாட்டு எரிசக்தித் துறைக்காக ஏர் ஃபில்டருக்கும் மைலேஜுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. முதல் அறிக்கை 2009-ல் வந்தது. 2012-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஐந்து பெட்ரோல் கார்களின் முடிவுகள் இருந்தன. நான்கு கார்கள் 2003 முதல் 2007 வரையிலான மாடல்கள்: நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் இன்ஜின்கள் கொண்ட மூன்று சாதாரண கார்கள், டர்போ வைத்த ஒரு கார். ஐந்தாவது, கார்புரேட்டர் வைத்த 1972 மாடல்.

இவர்கள் செய்தது, நாம் கேட்கும் கேள்விக்கு நேர் எதிர்த் திசையிலான சோதனை. ஃபில்டரை எளிதாக்குவதற்குப் பதிலாக, வேண்டுமென்றே அடைத்தார்கள். சாதாரணமாக எந்தக் கார்க்காரரும் விட்டுவைக்காத அளவுக்குக் காற்றின் வழியை நெருக்கினார்கள். பிறகு ஆய்வகத்தின் உருளைகள்மேல் கார்களை ஓட்டி எரிபொருளை அளந்தார்கள்.

நான்கு நவீன கார்களிலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகமெடுக்கும் திறன் மட்டும் குறைந்தது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி இதை இப்படிச் சுருக்கிச் சொல்கிறது: நவீன கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றுவது மைலேஜைக் கூட்டாது; வேகமெடுப்பது 6 முதல் 11 சதவீதம் வரை மேம்படலாம்.

இந்த முடிவின் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். கெட்டியாக அடைபட்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்கவில்லை. அப்படியிருக்க, அடைப்பே இல்லாத புதிய ஃபில்டரை எடுத்துவிட்டு, அதைவிடச் சற்று எளிதான இன்னொன்றை மாட்டுவதால் மைலேஜ் எப்படி ஏறும்? இறங்காத இடத்திலிருந்து ஏற்றம் பிறக்க வழியில்லை.

கார்புரேட்டர் காலத்து அறிவுரை

‘ஃபில்டரை மாத்துங்க, மைலேஜ் ஏறும்’ என்று அனுபவசாலி மெக்கானிக்குகள் சொல்வது பொய்யில்லை. அது கார்புரேட்டர் காலத்து உண்மை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 ஆகியவற்றில் பெட்ரோலை அளந்து ஊற்றக் கம்ப்யூட்டர் கிடையாது. காற்று இழுக்கும் வேகத்தில் உண்டாகும் அழுத்தக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். ஃபில்டர் அடைத்தால் அழுத்தம் மேலும் குறைந்து பெட்ரோல் அளவுக்கு மீறி வரும். காலையில் ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளாமலே ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்: கறுப்புப் புகை, பெட்ரோல் வாசனை, குறைந்த மைலேஜ்.

ஓக் ரிட்ஜ் சோதனையில் 1972 மாடல் கார் மட்டும் மாறுபட்ட முடிவைக் காட்டியதற்கு இதுவே காரணம். கார்புரேட்டர் கார்களில் அழுக்கு ஃபில்டரை மாற்றினால் சாதாரணமாக 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் மேம்படும். வண்டி ஓட்டவே சிரமப்படும் அளவுக்கு அடைத்திருந்தால் 14 சதவீதம் வரைகூட மேம்படலாம். அமெரிக்க அரசின் வழிகாட்டியே முன்பு எல்லாக் கார்களுக்கும் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்று சொல்லிவந்தது. சோதனை முடிவு வந்ததும் அந்த அறிவுரையை மாற்றிக்கொண்டது. இந்தியாவிலும் 2000-ல் புகை விதிகள் இறுக்கப்பட்டதை ஒட்டிக் கார்புரேட்டர் கார்கள் விடைபெற்றன. அறிவுரை மட்டும் இன்னும் பழைய கார்களோடு நின்றுவிட்டது.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல் இன்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது காற்று அல்ல, ஊற்றப்படும் டீசலின் அளவு. தேவைக்கு அதிகமான காற்று எப்போதும் உள்ளே இருக்கும். இன்றைய டீசல் கார்களில் டர்போ வேறு காற்றைத் திணிக்கிறது. ஃபில்டர் மோசமாக அடைத்தால் கறுப்புப் புகை வரும், டர்போவும் சிரமப்படும். அதனால் அதைக் காலத்தில் மாற்றத்தான் வேண்டும். சுத்தமான ஃபில்டருக்குப் பதில் விலை உயர்ந்த இன்னொன்றைப் போடுவதால் டீசல் மிச்சமாகாது.

குளிர்ந்த காற்றின் மறுபக்கம்

‘கோல்டு ஏர் இன்டேக்’ கிட்டுக்குச் சொல்லப்படும் வாதம் வேறு. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகவே அதிக ஆக்சிஜன், அதிக வலு. இது சரி. காற்றின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். முழு த்ராட்டிலில் அந்த 3 சதவீதம் வலுவாகத் தெரியும்.

மைலேஜ் என்று வரும்போது இந்த வாதம் திசை மாறிவிடுகிறது. சீரான வேகத்தில் போகும் காருக்கு ஒரு குறிப்பிட்ட எடைக் காற்று மட்டுமே தேவை. காற்று அடர்த்தியானால் த்ராட்டில் இன்னும் கொஞ்சம் மூட வேண்டியிருக்கும். மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்க இன்ஜின் செலவழிக்கும் சக்தியை ‘பம்பிங் லாஸ்’ என்பார்கள், அது கூடுகிறது. வெதுவெதுப்பான காற்றில் த்ராட்டில் சற்று அகலத் திறந்திருக்கும், அந்த இழப்பு குறையும். சிக்கனக் கணக்கில் பார்த்தால் மிதமான ஓட்டத்துக்குக் குளிர்ந்த காற்று சாதகமே இல்லை.

போனட்டுக்குள் திறந்த நிலையில் மாட்டப்படும் கோன் ஃபில்டரின் நிலை இன்னும் மோசம். கம்பெனி அமைப்பு, முன்பக்க கிரில் அருகிலிருந்து வெளிக்காற்றை எடுக்க மூடிய பெட்டியும் குழலும் வைத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் போட்டால், சித்திரை வெயிலில் கிண்டி சிக்னலில் நிற்கும் கார், இன்ஜினும் ரேடியேட்டரும் கக்கிய அனலையே உள்ளிழுக்கும். விற்றபோது சொன்ன பிக்கப்பும் அங்கே காணாமல் போகும்.

கம்பெனிகளுக்குத் தெரியாதா?

இந்தியாவில் கார் நிறுவனங்கள் விற்கும் மொத்தக் கார்களின் சராசரிப் புகை அளவுக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. 2017-18 முதல் கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. 2022-23 முதல் 113 கிராம். பெட்ரோல் கார் என்றால் பின்னது லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குச் சமம். அந்த வரம்புக்குள் நிற்க, ஒவ்வொரு சதவீதத்துக்கும் நிறுவனங்கள் படாதபாடு படுகின்றன. தண்ணீர் போன்ற மெல்லிய இன்ஜின் ஆயில், உருளும் தடை குறைந்த டயர், சிக்னலில் தானே அணைந்து எரியும் ஸ்டார்ட்-ஸ்டாப், எடை குறைந்த உயர் வலு எஃகு என்று கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. ஒரு ஃபில்டரையும் ஒரு குழாயையும் மாற்றினால் 5 சதவீதம் மிச்சமாகும் என்றால், அதைத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பாமல் விட அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

சத்தத்தைக் குறைப்பதற்காகக் கம்பெனிகள் இன்டேக்கில் அறைகளும் வளைவுகளும் வைப்பது உண்மை. அதனால் உச்ச வலுவில் சிறிது விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. மைலேஜில் அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பல ஆண்டுகளாக மதிப்பிட்டிருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய சாதனம் எதையும் அது காணவில்லை. இன்டேக் குழாய்க்குள் செருகி ‘காற்றைச் சுழற்றிவிடும்’ தகடுகளும் சந்தையில் உண்டு. அவை காற்றின் வழியில் இன்னொரு தடையைச் சேர்ப்பவை.

‘எனக்குக் கூடுச்சே!’

கிட் மாட்டியவர்களில் பலர் மைலேஜ் கூடியதாக மனதாரச் சொல்கிறார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அளக்கும் முறையில்தான் கோளாறு. டேங்க் நிரப்பும்போது பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. 30 லிட்டர் நிரப்பும் இடத்தில் ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தால் பிழை 3 சதவீதத்துக்கு மேல்; 15 கொடுக்கும் காரில் அது லிட்டருக்கு அரை கிலோமீட்டர். ஊருக்கு ஒருமுறை போய்வந்தாலும், மழை பெய்து ஏ.சி. குறைவாக ஓடினாலும், சர்வீஸில் டயர் காற்றைச் சரிசெய்திருந்தாலும் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

மனமும் தன் பங்கைச் செய்கிறது. பணம் போட்டு ஒன்றை மாட்டியவர் அடுத்த சில வாரங்கள் மைலேஜைக் கவனித்தபடியே ஓட்டுவார். கவனித்து ஓட்டும் கால் மென்மையாக மிதிக்கும். கூடவே, கோன் ஃபில்டர் எழுப்பும் உறுமல் வண்டி அதிகம் இழுப்பதாக ஓர் உணர்வைத் தருகிறது. சத்தம் கூடியது உண்மை. அதைக் காது வலுவாகக் கணக்கிட்டுக்கொள்கிறது.

நேர்மையாகச் சோதிக்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. பழைய ஃபில்டரைப் புதிதாக மாற்றி, ஒரே பம்ப், ஒரே வழித்தடம், ஒரே டயர் அழுத்தம் என்று பல டேங்க் அளவெடுங்கள். பிறகு கிட்டை மாட்டி அதே அளவு ஓட்டுங்கள். அதன்பின் கிட்டைக் கழற்றி, பழையபடி மாட்டி, மூன்றாவது முறையும் அளவெடுங்கள். மைலேஜ் கூடியது உண்மையானால் மூன்றாவது கட்டத்தில் அது இறங்க வேண்டும். இந்த மூன்றாவது கட்டத்தைச் செய்யாத எந்தச் சான்றையும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

தூசியும் தண்ணீரும்

இதுவரை சொன்னது மைலேஜ் கூடாது என்பது மட்டும். இழப்பு எங்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏர் ஃபில்டரின் முதல் வேலை தூசியைத் தடுப்பது. நம் சாலைகளின் தூசியில் மணல் துகள்கள் இருக்கின்றன. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே சிக்கும் மணல் துகள் உலோகத்தை அராவித் தின்னும். கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், நீலப் புகை வரும். கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையிலும், அறுவடைக் காலத்துக் கிராமத்துச் சாலையிலும் ஓடும் காருக்கு இது நிஜமான ஆபத்து. காற்று எளிதாகப் போக இழைகளின் இடைவெளியை அகலமாக்கும்போது தூசிக்கும் வழி எளிதாகும் வாய்ப்பு இருக்கிறது. தரமில்லாத மலிவுக் கோன்களில் ஃபில்டரும் குழாயும் சேருமிடமே சரியாகப் பொருந்தாது.

ஆயில் பூசிய பருத்தி ஃபில்டர்களில் இன்னொரு சிக்கல். கழுவித் திரும்ப ஆயில் பூசும்போது அளவு மீறினால், அது காற்றோடு போய், காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பிமேல் படியும். சென்சார் தப்பாக அளந்தால் இன்ஜின் தடுமாறும். செக் இன்ஜின் விளக்கு எரியும். மைலேஜுக்காக மாட்டிய பொருள் மைலேஜையே கெடுப்பது இப்படித்தான்.

சென்னைக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது தண்ணீர். குளிர்ந்த காற்றுக்காகச் சில கிட்டுகள் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்தின் அருகே, தாழ்வான இடத்தில் வைக்கின்றன. தேங்கிய நீரில் இறங்கினால் அது நேராகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழையும் எத்தனை கார்களின் இன்ஜினைப் பறித்தன என்பது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வசிப்பவர்களுக்குத் தெரியும். இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாக ஆட்-ஆன் எடுக்காத சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்த இழப்புக்குப் பணம் கிடைப்பது கடினம். வெளியே வாங்கி மாட்டிய பொருளால் வந்த பழுது என்று தெரிந்தால் கம்பெனி வாரன்ட்டியும் கைவிட்டுப் போகலாம்.

பணக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், கார் லிட்டருக்கு 15 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு ஏறத்தாழ 6,670 ரூபாய். வாதத்துக்காக, 6,000 ரூபாய் ஃபில்டர் ஒரு சதவீதம் மிச்சப்படுத்துவதாகவே ஒப்புக்கொண்டாலும், மாதம் கிடைப்பது 67 ரூபாய். போட்ட பணம் திரும்ப 90 மாதங்கள், அதாவது ஏழரை ஆண்டுகள் ஆகும். சோதனைகளோ அந்த ஒரு சதவீதத்தையும் காட்டவில்லை.

இதே பணத்தையும் அக்கறையையும் எங்கே வைத்தால் பலன் கிடைக்கும்? முதலில், காலில். அடித்து மிதிப்பதும் சடாரென்று பிரேக் போடுவதும் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதமும், நகர நெரிசலில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜைக் குறைக்கலாம் என்று அதே அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. இதில் வெறும் 10 சதவீதத்தைத் திருத்திக்கொண்டாலே மாதம் 600 ரூபாய்க்கு மேல் மிச்சம். வேகமும் அப்படியே. திண்டிவனம் சாலையில் 80-ல் போவதற்கும் 110-ல் போவதற்கும் இடையே காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுக் காரில் காத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும்.

அடுத்தது டயர். நான்கிலும் காற்று 5 பி.எஸ்.ஐ. குறைந்தாலே ஒரு சதவீதம் மைலேஜ் போகும். டயரும் சீக்கிரம் தேயும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழுதான ஆக்சிஜன் சென்சார் ஒன்றைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரை கூடலாம். உண்மையிலேயே பெரிய மிச்சம் தரும் பழுதுபார்ப்பு அதுதான்.

ஏர் ஃபில்டரை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கார் நிறுவனத்தின் கையேடு சொல்லும் காலத்தில், தூசி அதிகமுள்ள ஊரென்றால் அதற்கும் முன்பே, சில நூறு ரூபாய் விலையுள்ள அசல் காகித ஃபில்டரை மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றை ஓங்கி அடித்துச் சுத்தம் செய்ய மெக்கானிக்கை விடாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால் தூசி நேரே உள்ளே போகும். லேசாக அழுக்குப் படிந்த ஃபில்டர், புதியதைவிட நன்றாகவே தூசியைத் தடுக்கும். ஆகவே நிறம் மாறியதற்காக மட்டும் மாற்றவும் அவசியமில்லை.

சத்தம் பிடித்திருக்கிறது, டிராக்கில் ஓட்டுகிறேன், கடைசி ஒரு குதிரைத்திறனும் வேண்டும் என்பவர் தரமான கிட்டை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும். அது அவர் விருப்பம், அவர் பணம். பெட்ரோல் செலவைக் குறைக்க நினைத்துக் கடை வாசலில் நிற்கும் குடும்பஸ்தருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் மைலேஜ் இல்லை. பணத்தைப் பையிலேயே வையுங்கள். போகும் வழியில் நான்கு டயருக்கும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, மிதியை மென்மையாக அழுத்தி வீட்டுக்குப் போங்கள்.